அபத்த நாடகம்: தன்னை விட்டு எண்ணும் கணக்கு

சட்டமன்றத்தில் நாற்காலிகள் பறந்தால் மறுநாள் தலையங்கத்தில் ஒரு சொற்றொடர் தவறாமல் இடம்பெறும்: "அபத்த நாடகம்." போட்ட சாலையைக் குழாய் பதிப்பதற்காக ஒரு மாதத்தில் தோண்டினால் அதுவும் அபத்த நாடகம். கட்சி மாறியவர் தாய்க்கட்சிக்குத் திரும்பினால் அதுவும் அதுவே. அஸ்தம்பட்டி ரவுண்டானாவை ஒட்டிய தேநீர்க் கடைகளில் காலை நேரத்தில் நாளிதழை விரித்துப் படிப்போர் இச்சொல்லைத் தயக்கமின்றிக் கையாளுகின்றனர். நம் பங்குப் பேரவைக் கூட்டங்களைப் பற்றியும் சிலர் இவ்வாறு சொல்வதுண்டு என்பதை நான் அறியாமல் இல்லை.

ஓர் இலக்கியப் பெயர் மக்கள் வழக்கில் கலப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் அங்ஙனம் கலக்கும்போது அது தன்னுடன் எதைக் கொண்டுவந்தது, எதை வழியிலேயே இறக்கிவிட்டது என்று பார்ப்பது திறனாய்வின் கடமை. "இது ஓர் அபத்த நாடகம்" என்று நாம் சொல்லும்போது மூன்று செய்திகளை ஒருங்கே சொல்கிறோம். ஒன்று, நடப்பதற்குப் பொருளோ காரணமோ இல்லை. இரண்டு, அதை நடத்துவோர் வேறு யாரோ. மூன்று, நான் பார்வையாளன். எனக்கும் மேடைக்கும் தொடர்பில்லை. இச்சொல்லைப் பெயராகக் கொண்ட நாடகங்களோ இம்மூன்றையும் ஏற்றுக்கொண்டவையல்ல. இந்த இடைவெளியைப் பற்றியே இக்கட்டுரை.

பெயர் வந்த வழி

"அபத்த நாடகம்" என்ற பெயரை அந்நாடகங்களை எழுதியவர்கள் சூட்டிக்கொள்ளவில்லை. புடாபெஸ்ட் நகரில் 1918-இல் பிறந்து, வியன்னாவில் வளர்ந்து, 1938-இல் நாஜிகளின் பிடிக்குத் தப்பி வெளியேறி, பின்னர் இங்கிலாந்தில் பி.பி.சி. வானொலியின் நாடகப் பிரிவில் பணியாற்றிய மார்ட்டின் எஸ்லின் என்ற திறனாய்வாளர் 1961-இல் வெளியிட்ட நூலின் வழியே இப்பெயர் உலகெங்கும் பரவிற்று. சாமுவேல் பெக்கெட், யூஜின் அயனெஸ்கோ, ஆர்தர் அதமோவ், ழான் ழெனே ஆகியோரை அவர் ஒரே குடையின்கீழ் நிறுத்தினார். அவர்கள் தங்களை ஓர் இயக்கமாக எண்ணியவர்கள் அல்லர். பெக்கெட்டுக்கும் அயனெஸ்கோவுக்கும் இப்பெயர் உவப்பாக இருந்ததும் இல்லை.

எஸ்லின் இச்சொல்லை ஆல்பர் காம்யுவிடமிருந்து எடுத்தார். 1942-இல் வெளிவந்த "சிசிபஸின் புராணம்" என்ற நூலில் காம்யு இச்சொல்லுக்குக் கூர்மையான பொருள் தந்திருந்தார். அவருக்கு உலகம் மட்டும் அபத்தமன்று; மனிதன் மட்டும் அபத்தமல்லன். பொருள் தேடிக் குரல் கொடுக்கும் மனிதனும் மறுமொழி தராத உலகமும் எதிரெதிரே நிற்கும் அந்த உறவிலேதான் அபத்தம் பிறக்கிறது. கேட்பவன் ஒருவன் இல்லாவிட்டால் அபத்தமும் இல்லை. குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில் காம்யு எங்களுக்கு ஒரு பத்திக்குள் அடங்கிவிட்டார். "கடவுள் மறுப்பாளர்" என்ற தலைப்பின்கீழ் வரிசையில் ஒருவராக நின்றார். ஆனால் கேள்வி கேட்பவனைக் கணக்கில் சேர்த்த இந்த நுட்பம்தான் அவரிடம் நாம் கற்க வேண்டியது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் "அபத்த"த்தில் அந்தக் கேட்பவன் காணாமல் போய்விட்டான்.

சொற்களின் வேரும் இதையே சொல்கிறது. இலத்தீனில் "அப்சூர்துஸ்" என்பது இசையோடு ஒட்டாத குரலைக் குறித்தது; செவிடு என்று பொருள்படும் "சூர்துஸ்" என்ற சொல்லோடு அதைத் தொடர்புபடுத்துவது வழக்கம். நம் "அபத்தம்" வடமொழி வழி வந்தது. பத்தம் என்றால் கட்டப்பட்டது. அபத்தம் என்றால் கட்டப்படாதது, ஒன்றோடொன்று பிணைக்கப்படாதது. உளறலையும் பிழையையும் அச்சொல் குறிக்கலாயிற்று. ஒரு மொழி செவிக்கும் குரலுக்கும் இடையே அறுந்ததைச் சொல்கிறது. மற்றொரு மொழி கட்டு அறுந்ததைச் சொல்கிறது. இரண்டிலும் இருவர் தேவைப்படுகின்றனர். "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்ற நம் பழமொழியில் ஊதியவனும் இருக்கிறான் அல்லவா?

அயனெஸ்கோவின் "நாற்காலிகள்" 1952-இல் மேடையேறியது. ஒரு முதிய கணவனும் மனைவியும் கண்ணுக்குத் தெரியாத விருந்தினருக்காக நாற்காலிகளைக் கொண்டுவந்து மேடையை நிரப்புகின்றனர். வாழ்நாள் முழுதும் சேமித்த செய்தி ஒன்று கிழவரிடம் உண்டு. அதை உலகுக்குச் சொல்ல ஒரு பேச்சாளரை அமர்த்தியிருக்கிறார். பேச்சாளர் வந்து சேர்ந்த நிறைவில் இருவரும் சன்னல் வழியே குதித்து உயிர்விடுகின்றனர். பேச்சாளர் வாயைத் திறக்கிறார், அவர் செவிட்டூமை. வெற்று நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு அரங்கில் எஞ்சி அமர்ந்திருப்பவர்கள் யார்? நாம்தாம். செய்தி கிடைக்காதவர்களாக நாடகத்தின் கடைசி வரியில் நம்மையே எழுதிச் சேர்த்துவிட்டார் ஆசிரியர்.

அன்றாடப் பேச்சே கருப்பொருள்

இவ்விடத்தில் ஒரு முரணைச் சுட்டாமல் இருக்க இயலாது. அபத்த நாடகத்தின் பெயர் அன்றாடப் பேச்சில் புகுந்திருப்பதைப் பற்றிப் பேசுகிறோம். ஆனால் அந்நாடகம் பிறந்ததே அன்றாடப் பேச்சிலிருந்துதான். 1948-இல் அயனெஸ்கோ ஆங்கிலம் கற்க முற்பட்டு ஒரு பாடநூலை வாங்கினார். வாரத்துக்கு ஏழு நாள், தரை கீழே, கூரை மேலே என்பன போன்ற ஐயத்துக்கிடமில்லாத உண்மைகளை அந்நூலின் பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் பெரிய செய்திகளைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தன. கணவனுக்கு அவன் பெயரை மனைவி தெரிவிக்கிறாள். இதிலிருந்து விளைந்ததே "வழுக்கைத்தலைப் பாடகி". 1950 மே 11 அன்று பாரிசில் முதன்முதலாக நடிக்கப்பட்ட இந்நாடகம், 1957 முதல் அந்நகரின் சிறிய அரங்கமான உஷேத்தில் தலைமுறை தாண்டி நடந்துவருகிறது.

சொற்கள் தேய்ந்து வெறும் ஒலியாகிவிட்டதை அயனெஸ்கோ நகைச்சுவையாக்கினார். அவருடைய நாடக வகையின் பெயரே இன்று அப்படித் தேய்ந்த சொற்களுள் ஒன்றாகிவிட்டது. யோசிக்காமல் சொல்லப்படும் "அபத்த நாடகம்" அவருடைய பாத்திரங்களின் வாயில் வைக்கத்தக்க தொடராகிவிட்டது.

காத்திருப்போரின் நாடகம்

1953 சனவரி 5 அன்று பாரிசின் பாபிலோன் அரங்கில் பெக்கெட்டின் "கோடோவுக்காகக் காத்திருத்தல்" அரங்கேறியது. ஒரு நாட்டுப்புறச் சாலை, ஒரு மரம், மாலைப் பொழுது. இருவர் கோடோ என்பவருக்காகக் காத்திருக்கின்றனர். வழிப்போக்கர் இருவர் வந்து போகின்றனர். அவர்களில் ஒருவன் மற்றவன் கழுத்தில் கயிறு கட்டி நடத்திவருகிறான். ஒரு சிறுவன் வந்து, கோடோ இன்று வரமாட்டார், நாளை வருவார் என்று தெரிவிக்கிறான். இரண்டாம் அங்கத்தில் மரத்தில் சில இலைகள் துளிர்த்திருக்கின்றன. மற்றபடி அதே காத்திருப்பு, அதே செய்தி. போய்விடுவோம் என்று முடிவு செய்தபின்னும் அவர்கள் அசையாமல் நிற்பதோடு திரை விழுகிறது.

படித்தவர்கள் பலர் இதைப் புரியவில்லை என்று தள்ளினர். ஆனால் 1957 நவம்பர் 19 அன்று கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் ஏறத்தாழ 1,400 கைதிகள் முன்னிலையில் இது நடிக்கப்பட்டது. பெண் பாத்திரங்கள் இல்லாத நாடகம் என்பது இதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம். கைதிகள் அமைதியாக இருந்து பார்த்தனர். யாரும் விளக்கவுரை தராமலே அது தங்கள் கதை என்று கண்டுகொண்டனர். அன்று தம் அறையிலிருந்தே ஒலிபெருக்கி வழியாக மட்டும் அதைக் கேட்ட ரிக் க்ளூச்சி என்ற ஆயுள் கைதி, பின்னர் சிறைக்குள்ளேயே நாடகக் குழு ஒன்றை உருவாக்கினார். விடுதலையான பின் பெக்கெட்டின் நேரடி இயக்கத்திலேயே நடித்தார். எஸ்லின் தம் நூலை இந்தச் சிறை நிகழ்ச்சியோடுதான் தொடங்குகிறார். 1993 ஆகத்து மாதம், முற்றுகையிடப்பட்டிருந்த சரயேவோ நகரில் சூசன் சோன்டாக் மெழுகுதிரி வெளிச்சத்தில் இதே நாடகத்தை மேடையேற்றியபோதும், வராத உதவிக்காகக் காத்திருந்த மக்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

சிறை என்றதும் நம் அஸ்தம்பட்டி நினைவுக்கு வருவது இயல்பு. 1862-இல் அமைக்கப்பட்ட சேலம் மத்திய சிறை இங்குதான் உள்ளது. அதன் நெடிய மதிலை ஒட்டி நாள்தோறும் நாம் போகிறோம், வருகிறோம். மதிலுக்கு உள்ளே காத்திருப்போரும், நேர்காணலுக்காக வெளியே காத்திருக்கும் தாய்மாரும் மனைவியரும் "அபத்த நாடகம்" என்ற சொல்லை அறிந்திருக்க வேண்டியதில்லை. சொல்லை அறிந்த நாம் அந்த மதிலைக் கடக்கும்போது அவர்களை நினைப்பதும் அரிது.

சேலத்தில் நட்ட கன்று

தமிழில் இவ்வகை நாடகத்தின் தொடக்கத்துக்கும் சேலத்துக்கும் உள்ள உறவு நம் வாசகர் பலர் அறியாதது. ஆங்கிலப் பேராசிரியரும் புதுக்கவிதையின் முன்னோடிகளுள் ஒருவருமான சி. மணியின் முயற்சியால் 1968 முதல் 1970 வரை சேலத்திலிருந்து "நடை" என்ற சிற்றிதழ் வெளிவந்தது. தஞ்சை மாவட்டப் புஞ்சை கிராமத்தில் 1936-இல் பிறந்த ந. முத்துசாமியின் முதல் நாடகமான "காலம் காலமாக" இந்த இதழில்தான் அச்சேறியது. பின்னர் அவருடைய "நாற்காலிக்காரர்" 1974-இல் க்ரியா பதிப்பகத்தின் வெளியீடாக நூலுருப் பெற்றது. மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தால் திரைப்படத்துக்குப் பேர்பெற்ற ஊர், ஆரவாரமில்லாமல் நவீன நாடகத்துக்கும் ஒரு நாற்றங்காலாக இருந்திருக்கிறது.

கதை என்று ஒன்றைப் பிடித்துச் சொல்லிவிட முடியாத உரையாடல் நாடகங்கள் இவை. அந்நாளில் தமிழ் மேடையில் கோலோச்சியவை சபா நாடகங்கள். துணுக்குகளும் கைதட்டலுக்கான வசனங்களும் நிறைந்தவை. அவற்றுக்குப் பழகிய காதுக்கு முத்துசாமியின் எழுத்து விளங்கவில்லை. திறனாய்வாளர் அவருக்கு "அபத்த நாடக ஆசிரியர்" என்ற பட்டத்தைத் தந்தனர். வகைப்படுத்துவது திறனாய்வுக்குத் தேவைதான். ஆனால் இந்தப் பட்டம் அவருக்குச் செய்த நன்மையை விடத் தீமையே மிகுதி என்பது என் கருத்து. "அபத்தம்" என்ற சொல் ஏற்கெனவே தமிழில் உளறலைக் குறித்து வந்தது. எனவே அபத்த நாடகம் என்றவுடன் புரியாத நாடகம், புரிய வேண்டிய தேவையும் இல்லாத நாடகம், மேலைநாட்டார் கைவிட்ட சரக்கு என்று முடிவு கட்டுவது எளிதாயிற்று. பெயர் தெரிந்ததால் படிக்க வேண்டியதில்லை என்ற நிலை! ஒரு நூலைப் படிக்காமலிருக்க இதைவிட நாகரிகமான வழி வேறென்ன?

முத்துசாமி அப்பட்டத்துக்குள் அடங்கி இருந்துவிடவில்லை. 1970-களின் நடுவில் புரிசை நடேசத் தம்பிரானின் தெருக்கூத்தைக் கண்டது அவரைத் திசைதிருப்பியது. 1977-இல் சென்னையில் அவர் தொடங்கிய நாடகக் குழுவுக்குக் "கூத்துப்பட்டறை" என்று பெயரிட்டார். 2012-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2018-இல் மறைந்த அவருடைய வாழ்நாளில் இந்தப் பெயர்சூட்டலே ஒரு திறனாய்வு என்று எனக்குத் தோன்றுகிறது.

எப்படி? நம் அன்றாடத் தமிழில் அரங்கக் கலைக்குரிய சொற்களெல்லாம் வசவுகளாகவே வழங்குகின்றன. "என்ன கூத்து இது", "கூத்தடிக்கிறார்கள்", "நாடகமாடாதே", "வேடம் கலைந்தது", "ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்." தில்லை இறைவனைக் கூத்தன் என்று போற்றிய அதே மொழி, கூத்தாடியைப் பழிக்கவும் கற்றுக்கொண்டது. விடியவிடிய உழைத்து ஒரு கிராமத்துக்கே பாரதம் சொல்லும் கலைஞன், பொறுப்பற்றவனுக்கு உவமையாகிவிட்டான். அந்த வசவுச் சொல்லை எடுத்துத் துடைத்து, "பட்டறை" என்னும் உழைப்பின் சொல்லோடு சேர்த்துப் பெயர்ப்பலகையில் மாட்டினார் முத்துசாமி.

தெருக்கூத்தில் கட்டியக்காரன் என்ற பாத்திரம் உண்டு. அரசனை வரவேற்பவன் அவன். அரசனைக் கேலி செய்பவனும் அவனே. கதையை இடையில் நிறுத்தி உள்ளூர்ச் செய்தியைப் பேசுவான். தரையில் அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவரையும் விட்டுவைக்கமாட்டான். அவன் இருக்கும்வரை பார்வையாளர் யாரும் வெளியே நின்று வேடிக்கை பார்க்க இயலாது. பெக்கெட்டின் இரு நாடோடிகள் பார்வையாளரை நோக்கித் திரும்பும் கணங்களில் நம் கட்டியக்காரனின் தூரத்து உறவினராகவே தோன்றுகின்றனர்.

ஐந்து பேரா, ஆறு பேரா?

இலக்கியப் பெயர் ஒன்று மக்கள் வழக்கில் கலந்ததற்கு நமக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு வீரமாமுனிவரின் (1680–1747) "பரமார்த்த குரு கதை". அறிவற்ற கூட்டத்தைப் "பரமார்த்த குருவின் சீடர்கள்" என்று சொல்லாத தமிழர் இலர். அக்கதையில் குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்கின்றனர். ஆறு விழித்திருக்கிறதா, உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்த பிறகே இறங்குகின்றனர். கரையேறியதும் எண்ணிப் பார்த்தால் ஆறு பேருக்குப் பதில் ஐந்து பேரே தேறுகின்றனர். எண்ணுபவன் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஒருவனை ஆறு விழுங்கிவிட்டது என்று ஓலமிடுகின்றனர். வழிப்போக்கன் ஒருவன் ஒவ்வொருவர் முதுகிலும் தடியால் ஓர் அடி வைத்து எண்ணிக்காட்டிய பின்னரே கணக்குச் சரியாகிறது.

இது மடமையின் கதை. பெக்கெட் எழுதியது மடமையின் கதையன்று. மடமைக்கு மருந்து அறிவு. அறிவால் தீராதது எஞ்சும்போதே காம்யு சொன்ன அபத்தம் தொடங்குகிறது. இந்த வேறுபாட்டை மறந்து, அறிவீனம் அனைத்தையும் அபத்தம் என்று அழைப்பது நம் வழக்கின் முதற்பிழை. ஆயினும் அந்த எண்ணிக்கைக் காட்சி நம் பொருளுக்கு நன்கு பொருந்துகிறது. "எல்லாம் அபத்த நாடகம்" என்று சொல்பவர் செய்வது அதே கணக்குத்தான். சட்டமன்ற உறுப்பினரை எண்ணுகிறார், அதிகாரியை எண்ணுகிறார், ஒப்பந்தக்காரரை எண்ணுகிறார். வாக்களித்த தன்னை, கையூட்டுக் கொடுத்து வேலையை முடித்துக்கொண்ட தன்னை, கண்டும் காணாமல் போன தன்னை எண்ணுவதில்லை. நல்ல அபத்த நாடகம் அந்த வழிப்போக்கனின் தடியைப் போன்றது. அது நம் முதுகிலும் விழுகிறது. அதன் பெயரை மட்டும் எடுத்துக்கொண்ட நாம் தடியை ஆற்றங்கரையிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

காரணத்தை மறைக்கும் சொல்

இவ்வளவும் இலக்கிய நாகரிகம் பற்றிய குறை மட்டுமானால் இத்தனை பக்கம் எழுதத் தேவையில்லை. இச்சொல்லின் தவறான வழக்கு ஏழைகளைத் தாக்குகிறது என்பதே என் கவலை.

உத்தரப்பிரதேசத்தின் ஆசம்கர் மாவட்டத்தைச் சேர்ந்த லால் பிகாரி என்ற விவசாயி, 1970-களின் நடுவில் வங்கிக் கடனுக்காக ஆவணம் கேட்டுச் சென்றபோது, அரசுப் பதிவேட்டில் தாம் இறந்துவிட்டதாக எழுதப்பட்டிருப்பதை அறிந்தார். உயிரோடு நிற்பவரிடம் "நீ இறந்துவிட்டாய்" என்று அலுவலகம் சொல்கிறது. கேட்டவுடன் நாம் என்ன சொல்வோம்? "அபத்த நாடகம்." சிரிப்போம், செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டுவோம். ஆனால் அங்கே அபத்தம் எதுவும் இல்லை. நிலம் ஒன்று இருந்தது. அதை அடைய விரும்பிய உறவினர் இருந்தார். கையூட்டுப் பெற்று எழுதுகோலை எடுத்த அலுவலர் இருந்தார். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு முகம் உண்டு.

லால் பிகாரி மரத்தடியில் காத்திருக்கவில்லை. தம் பெயரோடு "மிருதக்", அதாவது இறந்தவர், என்று சேர்த்துக்கொண்டார். தமக்கே சவ ஊர்வலம் நடத்தினார். தம் மனைவிக்குக் கைம்பெண் உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தார். 1988-இல் வி.பி. சிங்கையும் 1989-இல் ராஜீவ் காந்தியையும் எதிர்த்துத் தேர்தலில் நின்றார். இறந்தவர் வேட்பாளராக முடியுமா என்று அரசே சொல்லட்டும் என்பது அவர் எண்ணம். தம்மைப் போலவே ஏட்டில் இறந்தவர்களைத் திரட்டி "மிருதக் சங்கம்" அமைத்தார். 1994-இல் அவர் உயிரோடிருப்பதை அரசு பதிவேட்டில் ஏற்றுக்கொண்டது. அபத்த நாடகத்தை எங்ஙனம் பயன்படுத்துவது என்று பெக்கெட்டைப் படித்த பலரினும் அந்த உழவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. செவிட்டுக் காதைக் கேட்க வைப்பதற்காக அவர் அபத்தத்தை உரக்க நடித்துக் காட்டினார். நாமோ அச்சொல்லைச் சொல்லிவிட்டு நம் காதைப் பொத்திக்கொள்கிறோம்.

நம் ஊர் வரலாற்றிலும் ஒரு பக்கம் உண்டு. 1950 பிப்ரவரி 11 அன்று, இந்தியா குடியரசாகிப் பதினாறே நாள் ஆகியிருந்தபோது, நம் சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பொதுவுடைமை இயக்கக் கைதிகள் 22 பேர் உயிரிழந்தனர். புதிய குடியரசின் சிறைக்குள் இது நடந்ததை "அபத்தம்" என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அச்சொல் அங்கே ஒரு திரையாகிவிடும். துப்பாக்கிகளைப் பிடித்த கைகள் எவை, அக்கைகளுக்கு அதிகாரம் தந்த முறை எது என்று கேட்க விடாத திரை. காரணமுள்ள கொடுமையைக் காரணமற்றது என்று பெயரிடுவதைப் போல அதிகாரத்துக்கு உதவும் செயல் வேறில்லை. அபத்தத்துக்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. அநீதிக்கு யாரேனும் பொறுப்பேற்றே ஆக வேண்டும்.

விசுவாசியும் அபத்தமும்

மரபாகிவிட்ட ஒரு தவறான மேற்கோள் நம் திருச்சபைக்கும் இச்சொல்லுக்கும் இடையே உண்டு. "அபத்தமாக இருப்பதால் நம்புகிறேன்" என்று மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தெர்த்துல்லியன் எழுதியதாகப் பலர் சொல்வர். கிறிஸ்துவின் உடல் பற்றிய அவருடைய நூலில் அத்தொடர் இல்லை. இறைமகன் இறந்தது மனித அறிவுக்குத் தகாததாகத் தோன்றுவதாலேயே அது நம்பத்தக்கது என்ற வாதமே அங்குள்ளது. அதிலும் "அபத்தம்" என்ற சொல் இல்லை. பிற்காலத்தவர் சுருக்கிய தொடரைக் கொண்டு, விசுவாசம் என்றாலே அறிவைத் துறப்பது என்று ஏளனம் செய்தோரும் உண்டு. அதையே பெருமையாகச் சொன்ன விசுவாசிகளும் உண்டு. படிக்காமல் பெயரை மட்டும் எடுத்தாள்வதன் விளைவு இங்கும் அதுவே.

பெக்கெட்டின் நாடகத்தையும் நம்மவர் இரு வகையில் இழக்கின்றனர். நாத்திக நாடகம் என்று தள்ளுவோர் ஒரு சாரார். "கோடோ என்பவர் கடவுளே" என்று உடனே மறையுரைக்கு எடுத்துக்கொள்வோர் மறு சாரார். அவ்வாறு பொருள்கொள்வதை ஆசிரியரே ஏற்கவில்லை. அவர் அதை எழுதியது பிரெஞ்சில். அம்மொழியில் கடவுளுக்கு "தியே" என்று பெயர். நான் இரண்டாம் சாராரையே கூடுதலாக எச்சரிக்க விரும்புகிறேன். விடையில்லாத கேள்வியின் முன் சற்று நேரம் நிற்பதற்கு நாம் பழக வேண்டும். சபை உரையாளர் நூலில் மீண்டும் மீண்டும் வரும் எபிரேயச் சொல்லுக்கு மூச்சு, ஆவி என்று நேர்ப்பொருள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதை "மாயை" என்றது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் "வீண்" என்றது. அந்த நூலைத் திருச்சபை விவிலியத்திலிருந்து நீக்கிவிடவில்லை. யோபுவின் நண்பர்கள் எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்தனர். இறுதியில் கண்டிக்கப்பட்டவர்கள் அவர்களே. ஏன் கைவிட்டீர் என்று சிலுவையில் எழுந்த கேள்விக்கு அன்று வானத்திலிருந்து உரைவடிவில் மறுமொழி வரவில்லை. பெரிய வெள்ளிக்கும் பாஸ்கா இரவுக்கும் இடையில் ஒரு சனிக்கிழமை இருக்கிறது. அந்த நாளை அறிந்தவர்கள் பெக்கெட்டைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். யோபு பேசினார், முறையிட்டார், வழக்காடினார். எதிரே ஒருவர் இருக்கிறார் என்று நம்பினாலன்றி வழக்காட இயலாது. விசுவாசியின் காத்திருத்தல் இந்த வழக்காடலோடு கூடியது. பெக்கெட்டின் மரத்தடியில் நிற்பவர்களிடம் நான் குறையாகக் காண்பது அவர்களுடைய நம்பிக்கையின்மையை அன்று. இவ்வளவு நேரம் காத்திருந்தும், கயிற்றில் கட்டி இழுத்துவரப்பட்ட அந்த மனிதனின் கயிற்றை அவர்கள் அவிழ்க்கவில்லை. முதலில் பார்த்தபோது மனம் பதைத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். அந்நாடகத்தின் மிகக் கடுமையான தீர்ப்பு இதுதான் என்று நான் எண்ணுகிறேன். கோடோ வராதது அவர்கள் கையில் இல்லை. கயிறு அவர்கள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது.

எனவே இச்சொல்லை விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அளந்து பயன்படுத்த வேண்டும் என்கிறேன். முதியோர் உதவித்தொகை கிடைக்காமல் ஒரு பாட்டி ஏழாவது முறையாக மனுவோடு திரும்பினால் அதற்குப் பெயர் அபத்த நாடகம் அன்று, புறக்கணிப்பு. தோண்டிய சாலையை மூடாமல் விட்டால் அதற்குப் பெயர் ஊழல், அல்லது சோம்பல். பொய் சொன்னால் பொய். காரணங்களையெல்லாம் கேட்டு, பொறுப்பாளரையெல்லாம் தேடி, நம் பங்கையும் கணக்கில் சேர்த்த பிறகும் எஞ்சி நிற்பது ஒன்று உண்டு. பிறந்த மூன்றாம் நாள் இறந்த குழந்தையின் தாய் கேட்கும் கேள்வி அத்தகையது. அபத்தம் என்ற சொல்லை அந்த இடத்துக்காக வைத்திருப்போம். அங்கே அதைச் சொல்லும்போது நமக்குச் சிரிப்பு வராது. சொல்லிவிட்டு எழுந்து போகவும் மனம் வராது. அவள் அருகில் உட்கார்ந்திருப்போம்.